கசிவு பார்க்கிறவள்

காலை ஐந்தரைக்கு மட்டக்குளியில்
எவரிஸ்தஸின் லொறி பின்பக்கமாய் உள்ளே வருகிறது.
ஏழு நீலப் பீப்பாய்கள்.
நேற்றிரவு காலிமுகத்திடல் ஹோட்டலில் யாருக்கோ கலியாணம்:
புரியாணி, பாதி கடித்த கோழிக்கால்,
ஐசிங்கில் ஒட்டிக்கிடக்கிற
மாப்பிள்ளையின் முதலெழுத்து.

நாற்பத்தொரு பன்றிகளும்
செபம் சொல்லாமல் சாப்பிடத் தொடங்கும்.

என் வேலை அதற்குப் பிறகு.
ஒரு கோப்பை சவர்க்கார நுரை, ஒரு பழைய சவரப் பிரஷ்.
குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் தடவிவிட்டுக்
குந்தியிருப்பேன்.
குமிழி வந்தால் கசிவு.
வராவிட்டால் அடுத்த மூட்டு.

மண்ணுக்குள் தொட்டி. தொட்டிக்குள் பீ.
மேலே ஒரு கறுத்த ரப்பர் பை,
வெயில் ஏற ஏற
சாப்பிட்டுப் படுத்த மாமாவின் வயிறுபோல எழும்பும்.
உள்ளே இருப்பதற்கு நிறமில்லை.
வெளியே விட்டால் வானம் அதை மறக்கப்
பத்துப் பன்னிரண்டு வருஷமாகும்,
அதுவரை கரிவாயுவைவிடப் பலமடங்கு
சூட்டைப் பிடித்துவைக்கும் என்று
ஒருநாள் விளங்கப்படுத்தினேன்.
"எரிச்சா?"
"அப்பவும் கரிவாயு வரும். ஆனா பாதிப்புக் குறைவு."
எவரிஸ்தஸ் யோசித்தார்.
"அப்ப முந்தினது சாவான பாவம்,
இது அற்பப் பாவம்."
அறிக்கைக்கு இதைவிட நல்ல வரி கிடைக்கவில்லை.
எழுதவுமில்லை.

அறிக்கை கேட்பது வேறு:
இந்த மாதம் வானத்துக்குப் போகாதது
எத்தனை கனமீற்றர்?
களவு போகாத வீட்டின் வாசலில்
காவற்காரன் சம்பளம் கேட்டு நிற்கிறமாதிரி
நானும் நிற்கிறேன்.

இமெல்டா அக்கா அந்த நெருப்பில்தான் தேத்தண்ணி வைக்கிறார்.
இருந்தும் சிலிண்டருக்கு இரண்டு நாள் கியூவில் நின்ற
வருஷத்தை மறக்கவில்லை:
வெறும் சிலிண்டர் மூலையில்,
தூசு தட்டித் துடைத்தபடி.

பக்கத்து வளவு றினோஸா டீச்சர்
நாற்றத்துக்கு எதிராக மாநகரசபைக்கு
மூன்று பக்கம் எழுதியிருந்தார்.
இப்போது ஜன்னலைத் திறந்துவைக்கிறார்.
முறைப்பாட்டைத் திரும்ப எடுப்பீர்களா என்றேன்.
"இருக்கட்டும். குழாய் உங்கட, மூக்கு என்ட."
சரிதான்.
எனக்கு அவரும் ஒரு மீற்றர்.

போன வெள்ளி, மழைக்குப் பிறகு,
பதினாலாம் மூட்டில் குமிழி.
கடுகளவு. ஊதி, வெடித்து, திரும்ப ஊதி.
எத்தனை நாளாய்?
தெரியாது.
ரப்பர் வளையம் மாற்ற மூன்று நிமிஷம்.
அந்த மாதத்து இலக்கத்தை அழித்து,
அழித்த இடம் தெரியும்படியே
சின்னதாய் வேறொன்று எழுதினேன்.

மிஞ்சிய வாயுவை மத்தியானம் கொளுத்துவோம்.
வெயிலில் அந்தச் சுவாலை கண்ணுக்குப் படாது.
குழாய் வாயருகே காற்று மட்டும் நடுங்கும்,
அதற்குப் பின்னால் களனி ஆறும்
அக்கரைத் தென்னைகளும் சேர்ந்து நடுங்கும்.
இன்றைக்கு ஒரு காகம்
இடம் பார்த்து இறங்கி
காலை வைக்கப்போய்
சட்டென்று மனம் மாறிப் பறந்தது.

நேரம் பன்னிரண்டு இருபது.
குறித்துக்கொண்டேன்.