அரைமணி

பெயரை நான் வைக்கவில்லை.
மாங்குளம் சந்தியில் வாகனத்தை நிறுத்தி
எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டவருக்கெல்லாம்
அரைமணி என்றேன்.
சைக்கிள் ரியூப்புக்கும் அரைமணி,
உழவு மெசினின் பெரிய சில்லுக்கும் அரைமணி.
பெரிய சில்லு இரண்டு மணித்தியாலம் தின்றதும் உண்டு.
ஆனாலும் சனம்
"அரைமணியிட்டக் குடுத்திட்டு வா" என்று
பெடியளை அனுப்பப் பழகிவிட்டது.

ஏழு வருசம்.
கொம்பிறெசர் உறுமினால்
அடுத்த வளவு நாய் இப்போது காதைக்கூட ஆட்டுவதில்லை.

பிறகு மல்லாவி றோட்டில்
திலகசீலன் ஒரு பலகை நட்டான்.
மஞ்சளில் சிவப்பு எழுத்து: அரைமணி ரயர் வேர்க்ஸ்.
என்னிடம் பலகையே இல்லை.
மரத்தில் சாய்த்த பழைய ரயரில்
வெள்ளைப் பெயின்ரால் "காற்று" என்று எழுதியிருந்தது,
அவ்வளவுதான்.
புளியங்குளத்து லொறிக்காரர் கேட்டார்:
"தங்கச்சி, கிளை திறந்திட்டியளோ?"

ஒட்டுசுட்டானுக்கு ஏழரை பஸ்.
ஏழரை என்றதும் சிரிக்காதீர்கள்.
செயலகத்தில் அந்தப் பிள்ளை
"அரைமணி இருங்கோ" என்றாள்.
என் வாடிக்கையாளரின் பொறுமை
எனக்கு மூன்று மணித்தியாலத்தில் விளங்கியது.

வியாபாரத்தின் பெயர். அதன் தன்மை.
தொடங்கிய திகதி.
எதை எழுதுவது?
முதல் ஒட்டு ஒட்டிய நாளையா,
ஒட்டிய ஒட்டு கழராமல் நின்ற நாளையா?

காணி ஆரின்ர?
பெர்மிற் அண்ணாவின் பெயரில்.
அண்ணா எங்க?
அதற்கு வேறு கந்தோரில்
வேறு கோப்பு இருக்கிறது, பிள்ளை.

அவள் பேனையை வைத்தாள்.
தன் தண்ணிப் போத்தலை என் பக்கம் தள்ளினாள்.
கிராம சேவகரின் கடிதம் கொண்டு வந்தால் பார்க்கலாம் என்றாள்.

போகும்போது சொன்னாள்:
"உங்கட சொந்தப் பெயரில, முழுசா,
கடை நடத்தினா பதியவே தேவையில்லை அக்கா."
நாகமணி யோகறஞ்சினி.
எழுத லொறிப் பெட்டியின் நீளம் வேணும்.
"அதிலயும் ஒரு மணி இருக்கே" என்றாள்.

பதிஞ்சா அவன் பலகையைக் கழட்டுவானோ?
"இது பெயரை எழுதிவைக்கிற இடம் அக்கா,
காவல் நிக்கிற இடம் இல்லை.
காவலுக்கு வேற படிவம், வேற காசு, கொழும்பு.
அதுவும் அரைமணி எல்லாருக்கும் பொதுச்சொல்லு,
குடுப்பினமோ தெரியாது."

பொதுச்சொல்.
றோட்டில் கிடக்கிற ஆணியும் பொதுத்தான்.
குத்தின பிறகு அது ஒருவனுடையது.

பத்திரம் வந்தது.
கண்ணில் படுகிற இடத்தில் மாட்டச் சொன்னார்கள்,
கொம்பிறெசருக்கு மேல் மாட்டினேன்.
ஒரு மாதத்தில் முத்திரையில் கரி ஏறிவிட்டது.
பிரதி ஒன்றை மடித்துத்
திலகசீலனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
எழுத்துக்கூட்டி வாசிப்பவன் போல
நெடுநேரம் வாசித்தான். ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த கிழமை
பலகையில் "அரை"க்கு மேல் மஞ்சள் அடித்து
"கால்" என்று எழுதியிருந்தான்.
கால்மணி ரயர் வேர்க்ஸ்.

இதற்கு எந்தக் கவுண்டரில் போய் நிற்பது?
ஆத்திரத்துக்கு நடுவே சிரிப்பு வந்து
அதுவும் ஆத்திரமாகிவிட்டது.

மாசி மாதம், வெயில் உச்சியில்,
மல்லாவியிலிருந்து வரும்போது
என் மோட்டச்சைக்கிளின் பின்சில்லு
சரியாக அவன் கடையடியில் குந்திவிட்டது.
எவ்வளவு நேரம்?
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான், கால்மணி.

ஐம்பது நிமிசம்.
ஆனால் றப்பரை அவசரமில்லாமல் தேய்த்தான்.
தண்ணிச் சட்டியில் இரண்டுதரம் அமிழ்த்தி
குமிழி வராததை எனக்கும் காட்டினான்.
காசு வேண்டாம் என்றான், கொடுத்தேன்.
பில் கேட்டேன்.
கொப்பித்தாள் கிழித்துத் தந்தான், தலைப்பில் பெயரில்லை.

பதிஞ்சிட்டியோ?
இல்லை அக்கா.

உனக்குத் துணுக்காய்க் கந்தோர்.
ஆராவது ஐஞ்சு நிமிசம் எண்டு வர முதல் போ.
கிராம சேவகரிட்ட முதலே கடிதம் எடு.
பேனை கொண்டுபோ,
அங்க கயித்தில கட்டியிருக்கிறது எழுதாது.