ஈரம் என் வேலை

மிசூலாவில் பிப்ரவரி. பட்டறைக் கண்ணாடியில் உறைபனி
உள்ளேயா வெளியேயா, தெரியவில்லை.
வெண்டெல் மை உருட்டுகிறார்.
நான் பஞ்சால் ஈரம் ஒற்றுகிறேன்.
கல் காய்ந்தால் எல்லாம் கறுப்பு;
அதனால் யாரும் என்னோடு பேசுவதில்லை.

வரைந்தவள் மார்கிட்.
ஆறு வாரத்துக்கென்று பல்கலைக்கழகம் அழைத்து வந்தவள்,
ஐந்து வாரம் கோடு ஒன்றும் போடாமல்
எங்கள் காபியைத் தீர்த்தவள்.
ஆறாவதில்
ஒரு குதிரையின் முதுகு மட்டும்.

ஏழாம் தாளில், வால் வீசினால் எட்டுமிடத்தில்
ஒரு கறை. வரிவரியாய்.
கல்லை மேசைக்கு ஏற்றிய அன்று
பட்டிருக்கிறது என் கட்டைவிரல்.
ஆறு தாள்வரை பொறுத்திருந்து
மை குடித்துக் கறுத்துவிட்டது.

வெண்டெல் அழிகல்லைத் தேடினார்.
என் பஞ்சிலிருந்து தண்ணீர் சொட்டியது.
மார்கிட் குனிந்து பார்த்தாள்:
"ஈ உட்கார்ந்திருக்கு. இருக்கட்டும்."

முப்பது எடுத்தோம்.
ஈ இல்லாத ஆறையும் அவளே கிழித்தாள்.
பென்சிலில் அவள் பெயர்.
மூலையில் பட்டறையின் மையில்லா முத்திரை.

திங்களன்று, அடுத்து வருபவருக்காக,
மணல் தூவிக் கல்லைத் தேய்த்தேன்.
குதிரை சீக்கிரமே போய்விட்டது.
ஈ
இன்னும் இரண்டு சுற்று கேட்டது.