இடது காதில் வலது

நாற்பத்தைந்து ரியால்.
ஜுபைல் கடைத்தெருவில் மஃரிபுக்கு ஷட்டர் இறங்குமுன்
அவசரமாக வாங்கினது.
சுண்டுவிரல் நீளம் இருக்கும்.
ஒரு முனை போனுக்குள் போகும்,
மறு முனையில் ஹெட்போனுக்குத் துளை.

பல்லி வால் மாதிரி இருக்கே, என்றார் பரீத்.
அதே பாட்டு, அதே போன்,
நடுவில் இது எதற்கு?

பன்னிரண்டு மணி நேரம் நாம் பார்ப்பதுதானே பரீத்.
கடல் ஒரு பக்கம் நுழைகிறது,
மறுபக்கம் குடிதண்ணீராக வெளியேறுகிறது.
போனுக்குள் பாட்டு இல்லை, எண்கள்தான் இருக்கின்றன.
அதை யாராவது காற்றாக்கித் தரவேண்டும்.
உள்ளேயே ஒருத்தன் இருக்கிறான்,
கேமராவுக்கும் சிக்னலுக்கும் இடையில் ஒண்டிக்கொண்டு
மிச்ச மின்சாரத்தில் வேலை பார்க்கிறவன்.
இவன் வெளியே நின்று
கை காலை நீட்டிச் செய்கிறான். அவ்வளவுதான்.

உள்ளே இருக்கிறவன் கான்ட்ராக்ட் ஆளோ, என்றார்.

முதல் ராத்திரி ஏமாற்றம்.
பென் டிரைவில் கைமாறிக் கைமாறி வந்த
எண்ணூறு பாட்டில் முக்கால்வாசி பொக்கு.
ஜால்ரா தட்டுகிற இடமெல்லாம்
எண்ணெயில் கடுகு.
எப்போதும் பொரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.
நல்ல விளக்கு வாங்கினால்
முதலில் தெரிவது ஒட்டடை.

அழித்தேன். அறுநூற்றுப் பதினொன்று.

காசு கொடுத்து இறக்கிய ஒரே கச்சேரி மிஞ்சியது.
நூறு தடவை கேட்டதுதான்.
ஆலாபனை முடிந்து பல்லவிக்கு முன்
பாடகி டம்ளரைக் கீழே வைக்கிறார்.
வெள்ளி இல்லை, எவர்சில்வர்.
பாதிக்கும் குறைவாகத் தண்ணீர்.
சத்தத்திலேயே தெரிகிறது,
தண்ணீர் செய்து பிழைக்கிறவனுக்கு.

பரீத் நம்பவில்லை.
போர்வைக்குள் கையை ஒளித்து
வாலோடு ஒருமுறை வாலில்லாமல் ஒருமுறை
மாற்றி மாற்றிச் செருகி, சொல்லு என்றார்.
பத்தில் ஏழு சொன்னேன்.
மூணு தப்பு, என்று படுத்துக்கொண்டார்.

தப்புக்குக் காரணம் மார்ச் மாதம் தெரிந்தது.
கம்பெனி கிளினிக்கில்
கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்த்தி
பீப் கேட்டால் பொத்தானை அமுக்கு என்றார்கள்.
நெடுநேரம் எதுவும் கேட்கவில்லை.
மெஷின் பழுது என்று நினைத்து
சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன்.
தாளில் இடது காதின் கோடு ஒழுங்காக நடந்தது.
வலது காதுடையது நாலாயிரத்தில் இறங்கி
திரும்ப ஏறவில்லை.

நாலாம் நம்பர் பம்ப்
என் நாற்காலிக்கு வலப்பக்கம்.
பதினோரு வருஷம்.

அந்தக் கச்சேரியிலோ
வயலின் உட்கார்ந்திருப்பது வலப்பக்கம்.
நாற்பத்தைந்து ரியாலுக்கு
வில்லின் நுனி வரைக்கும் துடைத்து எடுத்து
பாழ்வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போகிறது இது,
தினமும், புகாரே இல்லாமல்.

இப்போதெல்லாம் மாற்றிப் போட்டுக்கொள்கிறேன்.
வலது என்று எழுதியிருப்பது இடது காதில்.
மொத்த மேடையும் எழுந்து இடம் மாறி உட்காருகிறது.
மிருதங்கம் இருட்டுப் பக்கம் போகிறது, பாவம்.
வலந்தலையின் கூர் கொஞ்சம் மழுங்கும்.
தொப்பி பிழைத்துக்கொள்ளும்,
அதற்குக் கீழ்த்தளத்திலேயே குடித்தனம்.
வயலின்காரர் மட்டும்
இத்தனை வருஷம் கழித்து
கிட்டே வந்து வாசிக்கிறார்.
வில் திரும்புகிற இடத்தில்
அவர் மூச்சை உள்ளே இழுப்பதும் கேட்கிறது.

நேற்று ஷிப்ட் முடிந்து இரண்டரை மணி.
ஏசி மட்டும் கடகடத்துக்கொண்டிருந்தது.
கொடுடா பார்க்கலாம், என்று பரீத் வாங்கினார்.
எந்தக் காதில் எது என்று நான் சொல்லவில்லை,
அவர் கேட்கவும் இல்லை.
கண்ணை மூடாமல்,
மேல்கட்டிலின் அடிப்பலகையைப் பார்த்தபடி
கால்மணி நேரம்.

கழற்றித் தந்தார்.
பாட்டைப் பற்றி ஒன்றும் இல்லை.

சார்ஜ் பதினாறுதான் இருக்கு, என்றார்.
இது ரொம்பக் குடிக்குதுப்பா.