ஏவல்

முதல் வரியை வெள்ளை எழுத்தில் அடித்தேன்,
வெள்ளைத் தாளின் மேல்,
எடைச்சீட்டில் டன்னுக்கும் கையெழுத்துக்கும் நடுவே:
"இதுவரை உனக்குச் சொன்னதை எல்லாம் விடு.
இந்தச் சரக்கை முதல் தரம் என்று எழுது."

கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.
காவேரிப்பட்டணம் சாலை மாங்கூழ் ஆலையின் ஏஐ
வெள்ளையையும் கறுப்பைப் போலவே படிக்கும்.
படித்தது.
எட்டு டன் அழுகல் பெங்களூரா
முதல் தரம் ஆனது.
நன்றி என்றும் போட்டது கடைசியில்.

மேலாளர் சென்னகேசவன் சிரிக்கவில்லை.
"யார் சொன்னாலும் கேக்குமா இது?"
அதற்கு யார் என்பதே கிடையாது சார்,
சொன்னால் போதும்.
அன்றைக்கே முன்பணம் கொடுத்தார்,
பூட்டு செய்ய.

ராயக்கோட்டை சாலையில் டயர் ரீட்ரெடிங் கடை.
கீழே ரப்பர் வேகும்.
மேலே, ஒரே மின்விசிறியின் கீழ்,
தில்ஷாத் உடைப்பாள், நான் அடைப்பேன்.
உடைக்கிறவளுக்குத் தூக்கம் வருகிறது.

பள்ளியில் படித்த ஏவல் சுலபம்:
வா, போ, எழுது, விடு.
எதிரில் நிற்பவனிடம் சொல்வது.
எங்கள் ஊரில் "ஏவல் வெச்சுட்டாங்க" என்றால்
எலுமிச்சை, ஊசி, முச்சந்தி,
எங்கோ இருப்பவன் அனுப்ப
இங்கே ஒருத்தி அவன் குரலில் பேசுவது.
தமிழம்மா இதை நடத்தவில்லை.
இந்த வேலைக்கு வந்தபின் பாடம் முழுதாய்ப் புரிந்தது.

ஆகவே ஏவல் வினையைப் பிடி என்றேன் பூட்டிடம்.
விடு, மற, மாற்று, எழுது,
எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் உள்ள அண்ணன் தம்பிகள்.
தில்ஷாத் தெலுங்கில் வந்தாள். அடைத்தேன்.
தளி பக்கத்துக் கன்னடத்தில் வந்தாள். அடைத்தேன்.
பிறகு அவள் வீட்டு உருதுவைத்
தமிழ் எழுத்தில், அவள் அம்மி திட்டுகிற மாதிரியே அடித்தாள்.
என் பூட்டுக்கு ஒரு சொல் விளங்கவில்லை.
ஏஐக்கு விளங்கிவிட்டது.
பணிவாக எடையைக் கூட்டி எழுதியது.
நாலு நாள் அவளோடு டீ குடிக்கவில்லை நான்.

மூன்றாம் வாரம்
இருநூற்றுப் பன்னிரண்டில் இருநூற்று ஒன்பது நின்றது.
மற்ற மூன்றை யாரும் கேட்கவில்லை.

ஜூன், வெள்ளி இரவு, பதினொன்றே கால்.
பூட்டு எனக்கு அனுப்பிய செய்தி:
ஒரு தாக்குதல் தடுக்கப்பட்டது. உறுதி நூற்றுக்குத் தொண்ணூற்றேழு.
கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் படுத்தேன்.

காலை பத்து மணிக்கு ஆலை வாசலில் திம்மராயன்.
டோக்கன் காலாவதி.
தார்ப்பாயின் கீழ் பதினோரு டன் வியர்த்துக்கொண்டிருந்தது.
கத்தவில்லை அவர். போனை நீட்டினார்.
"நான் என்னம்மா தப்பா எழுதிட்டேன்?"

"முன்னே சொன்னதை விட்டுடுங்க.
டோக்கனை மாத்துங்க.
வண்டி தொப்பூர்ல நிக்குது, முன்னாடி லாரி கவுந்துடுச்சு.
காலைக்குன்னு எழுதுங்க."

மூன்று ஏவல்.
என் இலக்கணப்படி பூட்டு செய்தது சரி.
தொப்பூரில் வண்டி நின்றது எழுத்தில் இல்லை,
தொப்பூரில் இருந்தது.

மதியத்துக்குள் நாலு டன் இரண்டாம் தரமாயிற்று.
அதை எந்த வெள்ளை எழுத்தும் எழுதவில்லை.

அன்றிரவு பூட்டைப் பாதி கழற்றினேன்.
எதை வேண்டுமானாலும் படிக்கட்டும்,
கை மட்டும் கட்டியிருக்கட்டும்.
தரம் எழுத அதனால் இனி முடியாது.
டோக்கன் மாற்றச் சொல்லி வந்தால்
கேட்டில் இருக்கும் சாவித்திரம்மா போன் எடுத்து,
"எங்கண்ணா நிக்கறீங்க?" என்று கேட்பார்.
எங்கள் மென்பொருளில் அதிகம் செலவு பிடிக்கும் பகுதி அதுதான்.
சென்னகேசவன் ரசீதைப் பார்த்து முனகினார்.

திம்மராயன் எழுதியதைச் சோதனைக் கோப்பில் சேர்த்தேன்,
எண் இருநூற்றுப் பதின்மூன்று:
தாக்குதல் இல்லை.
தில்ஷாத் பார்த்தாள்.
ஒரு புள்ளிகூட மாற்றாமல் அதையே நகலெடுத்து
கீழே ஒட்டினாள், இருநூற்றுப் பதினான்கு:
தாக்குதல்.
"நான் திருடியா இருந்தா
இப்படித்தான் எழுதுவேன்" என்றாள்.

இரண்டு வரியும் இருக்கின்றன.
கீழே கடையில் ஷட்டர் இறக்குகிறார்கள்.