கையெழுத்து

இம்ரிக் இந்த வருஷமும் ஓட்டுப் போட்டுவிட்டான்.
வாசலில் கரி மூட்டை வந்து கிடக்கிறது.

பிட்ஸ்பர்க்கில் நாங்கள் இறங்கிய பதினோராம் நாள்
முப்பது பேரை ஒரே காலையில்
குடிமக்கள் ஆக்கினார் கவுன்சிலர் மல்குவீன்.
நீதிபதி தலை நிமிரவில்லை.
மதியம் பீர் இலவசம்.

மலைமேல் புதுத் தெருக்கள்.
அங்கிருந்து கழிவு இறங்கி வர
கீழே எங்கள் ஆட்கள் தோண்டினார்கள்.
முட்டுப் பலகை பாதிதான் வந்தது,
மீதி
மல்குவீனின் மைத்துனன் வீட்டில்
மாடிப்படி.

சரிந்த மண்ணிலிருந்து மூன்று பிணங்கள் எடுத்தார்கள்.
இம்ரிக் மேல் இப்போது டிராம் ஓடுகிறது,
ஐந்து சென்ட் டிக்கெட்.
காலிப் பெட்டிக்கு மல்குவீன்தான் பணம் கொடுத்தார்.
கல்லறையில் அழவும் செய்தார், நிஜமாகவே.

பெண்களுக்கு இங்கே என்ன வேலை என்றான்
ஓட்டுச்சாவடி மேசைக்காரன்.
ரொட்டி விற்க வந்தவள்போல் எட்டிப் பார்த்தேன்:
பேரேட்டில் என் புருஷன் பெயர்,
சுழித்துச் சுழித்து, ஆங்கிலத்தில்,
கடைசி எழுத்துக்கு வால் வேறு.
உயிரோடு இருந்தவரை
பெருக்கல் குறி மட்டுமே போடத் தெரிந்தவன்.

மூட்டை நல்ல கனம்.
ஒரு கை பிடிக்க மார்கிதாவைக் கூப்பிடப் போனேன்.
அவள் வாசலிலும்
ஒன்று கிடந்தது.