ஏற்றுமுன் எடை

ஓவியத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எடை.
நாற்பது கிலோ, பெட்டியோடு ஐம்பத்திரண்டு.
மழையில் ஏற்றக் கூடாது, படுக்கப் போடக் கூடாது,
வண்டிக்குள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி
நிறுத்த வேண்டும், தண்டனை வாங்கிய பையனைப்போல.

முரோஸ் துறைமுகத்தில்
மத்தி அடைத்துக்கொண்டிருந்த பழைய தகர ஆலைதான்
எர்மிதாஸின் பட்டறை.
இயந்திரம் நின்று இருபது வருடம்,
மழை வந்தால் தரை இன்னும் மீனை நினைத்துக்கொள்ளும்.
அவளுடைய நீலங்களில் கடல் மணக்கிறதென்று
மாத்ரித்தில் ஒருவர் எழுதினாராம்.
ஆளிவிதை எண்ணெய் மணம் அது, என்றாள்,
அந்த ஆளுக்குச் சளி பிடித்திருக்கும்.

ஒன்பதுக்கு வரச் சொன்னவனிடம்
ஏழரைக்கே வந்து நிற்கிறேன், காகிதங்களோடு.
போன வாரம் அளவெடுத்தபோது முடிந்திருந்த படம்:
நீர் வடிந்த கழிமுகம், குனிந்து சிப்பி வாரும் பெண்கள்,
பதினொரு பேர், எண்ணினேன்.
இப்போது நான்கு பேர்.
மீன் கீறும் கத்தியால்
ஐந்தாவது பெண்ணின் முதுகை வழித்துக்கொண்டிருக்கிறாள்.
விரித்த செய்தித்தாளில்
ஈரமாய் விழுகிறது ஒரு தோள்.

அம்மா, காப்பீடு போட்டாயிற்று, என்றேன்.
வேறென்ன சொல்ல?
பதற்றத்தில் வாய் தானாய்க் கேட்டது:
இதையெல்லாம் யாரிடம் கற்றீர்கள்?

கத்தி நிற்கவில்லை.
பதினேழு வயதில் அருங்காட்சியகத்தில்
ஓர் அரசனின் சட்டைக்கை முன்னால் நாள் முழுக்க நின்றாளாம்.
கிட்டே போனால் வெறும் நாலு தீற்றல்,
கையுமில்லை, சரிகையுமில்லை.
ஐந்து அடி பின்வாங்கினால் பட்டு சலசலக்கும்.
அந்த ஐந்து அடியைத்தான் திருடி வந்தேன், என்றாள்,
காவலாளி என் பையை மட்டும் சோதித்தான்.

மலைக்கோயில் ஒன்றில் சுண்ணாம்பு உதிர்ந்து
பாதம் மட்டும் மிஞ்சிய புனிதரைச் சொன்னாள்.
முழு ஆளாக இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாளாம்.
பிறகு செரீங்.
தக்காரிலிருந்து வந்து இங்கே வலை இழுப்பவன்,
படகுகளுக்குப் பெயர் எழுதுகிறவன்.
மஞ்சளுக்கு அடியில் முதலில் சிவப்பைப் பூசு,
இல்லையென்றால் அது மஞ்சளில்லை, மஞ்சள் என்ற சொல்.
படகுக்கு அவன் கேட்பது முப்பது யூரோ.
அந்த வாக்கியத்துக்கு நான் இன்னும் கடன், என்றாள்.

மேசையில் குழாய்கள் நசுங்கிக் கிடந்தன.
கறுப்பு இல்லை.
தீர்ந்துவிட்டதா, வாங்கி வரட்டுமா என்றேன்.
வாங்குவதே இல்லை, என்றாள்.
நீலத்தையும் பழுப்பையும் சண்டைபோட விட்டால் இருட்டு வரும்.
கறுப்பு எனக்கு ஒரு முறை
லாரி லாரியாய் வந்து இறங்கியது, போதும்.

டேங்கர் இரண்டாய்ப் பிளந்த குளிர்காலம்.
அவள் சொல்லவில்லை.
சொல்ல வேண்டியதில்லை.
வெள்ளை உடுப்பும் முகமூடியுமாய்ப் பாறைகளில்
மாதக்கணக்கில் சுரண்டினோம்,
இந்தக் கரையில் பிறந்த எல்லாரும்.
காலையில் சுரண்டியதை இரவு அலை திரும்பப் பூசும்.
கத்தியைச் சாய்த்து, கட்டைவிரலை முதுகில் வைத்து,
தனக்குப் பக்கமாய் ஓர் இழுப்பு.
அந்த மணிக்கட்டை எனக்குத் தெரியும்.
என் கையிலும் இருக்கிறது,
வெண்ணெய் தடவும்போதுகூட.

வெளியே போய் மாத்ரித்துக்குத் தொலைபேசினேன்.
ரேடியேட்டர், என்றேன். நாளைக்கு, என்றேன்.
என் வண்டி என்றைக்கும் பழுதானதில்லை, அவர்களுக்கும் தெரியும்.

மதியத்துக்குள் மூன்று பெண்கள் மிஞ்சினார்கள்.
மற்றவர்கள் நின்ற இடத்தில் சேறு
யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல.
மூன்றாவது பெண்ணின் வாளியில்
விரலளவு மஞ்சள்.
ஐந்து அடி பின்வாங்கிப் பார்த்தேன்.
இன்னும் ஓர் அடி, என்றாள், நீங்கள் உயரம்.

மறுநாள் படிவத்தில் எடை எழுத வேண்டும்.
தராசில் வைத்தேன்: முப்பத்தெட்டரை.
ஒன்றரைக் கிலோ குறைகிறதே என்றான் கிட்டங்கி ஆள்.
ஏழு பெண்கள், என்று சொல்ல வந்து,
எண்ணிப் பார்த்தால் எட்டு.
வண்டி எடுக்கும்போதுதான் பார்த்தேன்,
பிரேக் மிதியில் ஒரு மஞ்சள் கறை.
நகத்தால் கீறினேன்.
அடியில் சிவப்பு இருந்தது.