மேற்கட்டு

நெல்லுக்குத் தண்ணி போதாது என்று
சிறுபோகக் கூட்டத்தில் சொன்ன அன்றே
அரை ஏக்கருக்குச் சோளன் என்று பெயர் கொடுத்தேன்.
சிரித்தார்கள்,
வயலுக்குள்ளே சேனைப் பயிரா என்று.

அடிக்கட்டுக்குப் பதினைந்து கிலோ போனது.
மேற்கட்டுக்கு ஐம்பது என்கிறது துண்டு.
கதவுக்குப் பின்னால் இருப்பது முப்பத்தைந்து,
வாய் முறுக்கி, மேலே செங்கல் வைத்து.

நாலாம் கிழமை வந்தது.
கச்சானும் வந்தது.
வாய்க்காலில் நாய் படுத்துக் கிடந்தது.

காய்ந்த மண்ணில் யூரியா எறிவது
காற்றுக்குக் கூலி கொடுப்பது.
போன வருசம் றிபாய்தீன் நண்பகலில் எறிந்தான்.
பின்னேரம் அவன் வரம்பில் நின்றோம்,
மூக்கில் கோழிக்கூட்டு நெடி.
இரண்டு மூடைக் காசு
தம்பலகாமத்துக்கு மேலால் பறந்து
குடாக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆகவே காத்திருந்தேன்.
காத்திருந்தபடி இலை பார்க்கப் பழகினேன்.
குழலாய்ச் சுருண்டால் தாகம்,
இருட்டியதும் விரிந்துவிடும்.
நுனியில் தொடங்கி நடுநரம்போடு
மஞ்சள் உள்ளே இறங்கினால் அது மற்றப் பசி.
அடியிலைக்குத்தான் முதலில் வரும்.
தன் பச்சையைக் கழற்றிக்
குருத்துக்கு அனுப்பிவிட்டு
வெறும் தாளாய்த் தொங்கும்.

முப்பத்திரண்டாம் நாள்
வட்டவிதானை கோல் எடுத்தார்:
"இண்டைக்கு இரவு பதினொண்டுக்குத் திறக்கிறம்.
மூண்டு மணித்தியாலம். பிறகு என்னைக் கேக்கக் கூடாது."

வெயில் சாய இறங்கினோம்,
நானும் மச்சாள் யோகமலரும்,
டோர்ச் பிடிக்க அவள் மகனும்.
தண்டுக்கு நாலு விரல் தள்ளி
மண்வெட்டி நுனியால் ஒரு கீறல்,
உள்ளே தூவி, காலால் மூடி,
அடுத்தது.
வியர்வை பட்ட உள்ளங்கையில் உருண்டைகள் கரைந்து
விரல் வெடிப்புக்குள் எரிந்தன.

எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாய்ப் போடுவோம் என்றாள் மச்சாள்.
கொஞ்சம் கொஞ்சமாய்ப் போட்டால்
எல்லாம் அரைக்கதிர்தான், என்றேன்.
தண்ணியும் எட்டாத மேற்குப் பக்கம்
இருபது வரியை விட்டோம்.
அந்தப் பக்கம் டோர்ச் அடிக்காதே என்று
பொடியனிடம் ஏன் சொன்னேனோ தெரியாது.

பதினொன்றரைக்குத் தண்ணி வந்தது,
முதலில் சத்தம், பிறகு சருகு,
பிறகு கணுக்காலில் குளிர்.

இன்று பதினோராம் நாள்.
கிழக்குப் பக்கம் கரும்பச்சை,
தோளுக்கு மேல்.
மேற்கு வெளிறி, இடுப்பளவு.
நடுவில் கோடு,
நூல் பிடித்த மாதிரி.

கந்தளாய் பஸ்ஸில் போகிறவர்கள்கூட
யன்னலால் பார்த்துச் சொல்லிவிடலாம்
எந்த இடத்தில் எனக்குக்
காசு முடிந்தது என்று.